விமானம் தானாக ஆடுகிறதா? ஜாய்ஸ்டிக், த்ராட்டில் செட் செய்வது எப்படி

[திரையில்: செஸ்னா 172 காக்பிட். யாரும் தொடாமலே த்ராட்டில் குமிழ் உள்ளும் வெளியும் துடிக்கிறது.]

இந்தக் குமிழைக் கொஞ்சம் பாருங்கள். நான் கை வைக்கவே இல்லை, அதுபாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கிறது. கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்காகத் தனி த்ராட்டில் (எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கும் லிவர்) வாங்கி மாட்டிய அன்று எனக்கு இதுதான் நடந்தது, பொருளே பழுது என்று முடிவு கட்டி, திருப்பி அனுப்புவதற்காகப் பெட்டியில்கூடப் போட்டுவிட்டேன். பழுது அதில் இல்லை. என் பழைய ஜாய்ஸ்டிக்கின் அடியில் ஒரு குட்டி ஸ்லைடர் இருக்கிறது, அதற்கும் சிமுலேட்டர் தானாகவே த்ராட்டில் வேலையைக் கொடுத்து வைத்திருந்தது. ஒரே எஞ்சினுக்கு இரண்டு பேர் உத்தரவு போடுகிறார்கள். ஸ்லைடரில் தூசி சேர்ந்து அதன் அளவு லேசாக ஆடும் ஒவ்வொரு முறையும் அதன் பேச்சு எடுபடுகிறது.

அதனால் முதல் வேலை இதுதான்: கன்ட்ரோல் செட்டிங் பக்கத்தில் ஒவ்வொரு கருவியாகத் திறந்து, ஒரே ஆக்ஸிஸ் (கூட்டிக் குறைக்கும் ஒரு அசைவு) இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதிகம் மாட்டுவது த்ராட்டிலும் ரட்டரும் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை). ரட்டருக்குத் தனிப் பெடல் வைத்திருப்பவர்கள் ஜாய்ஸ்டிக்கை முறுக்கும் அந்த ஆக்ஸிஸை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் சாய்க்கும்போது மணிக்கட்டு லேசாகத் திரும்பி, உங்களுக்குத் தெரியாமலே ரட்டரும் போகும்.

[திரையில்: விண்டோஸ் கேம் கன்ட்ரோலர் ஜன்னல். சிறிய கட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி.]

அடுத்து, சிமுலேட்டரை மூடிவிட்டு விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பகுதிக்குப் போங்கள். ஸ்டிக்கை விட்டுவிட்டு இந்தக் கூட்டல் குறியை மட்டும் பத்து விநாடி பாருங்கள். நடுவில் அசையாமல் நிற்கிறதா, நடுங்குகிறதா, ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறதா? ஒதுங்கி நின்றால் காலிபரேஷன் (நடுவையும் ஓரங்களையும் மறுபடி காட்டிக்கொடுப்பது) செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். நடுங்கினால் கோளாறு ஸ்டிக்கின் இடத்தை அளக்கும் சென்சாரில். விலை குறைந்த ஸ்டிக்குகளில் பெரும்பாலும் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், அதாவது ஒரு தடத்தின் மேல் உரசிக்கொண்டே நகரும் முள். தேயும், தூசி பிடிக்கும். ஹால் சென்சார் காந்தப் புலத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பதால் அங்கே உரசலே கிடையாது. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் ஸ்டிக்கில் இருப்பது இந்த வகைதான், ஒரு ஆக்ஸிஸுக்கு 16,384 படிகள். 10 பிட் கருவியில் அதுவே 1,024 தான்.

இப்போது டெட்ஸோன். நடுவில் இவ்வளவு தூரம் ஸ்டிக் அசைந்தாலும் கண்டுகொள்ளாதே என்று சிமுலேட்டரிடம் சொல்வது. நடுக்கம் மறையும் அளவுக்கு மட்டும் வையுங்கள்: 2 சதவீதத்தில் தொடங்குங்கள், போதவில்லை என்றால் இன்னும் ஒன்றிரண்டு கூட்டிப் பாருங்கள். சிலர் பாதுகாப்புக்கு என்று 15 வைக்கிறார்கள், அது வேண்டாம். ஸ்டிக்கின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்த மாதிரி ஆகிவிடும். தள்ளுவீர்கள், ஒன்றும் நடக்காது, இன்னும் தள்ளுவீர்கள், திடீரென்று மூக்கு இறங்கும், பதறி இழுப்பீர்கள், தரையிறங்கும்போது விமானம் ஊஞ்சல் ஆடும்.

[திரையில்: சென்சிடிவிட்டி வரைபடம். நேர்க்கோடு மெதுவாக வளைகிறது.]

சரி, வளைவுக்கு வருவோம், ஸ்டிக் எவ்வளவு நகர்ந்தால் விமானத்துக்கு எவ்வளவு போகும் என்று காட்டும் கோடு அது, எல்லோரும் குழம்பும் இடம் இது. செஸ்னா மாதிரி நிஜ விமானத்தில் வேகம் கூடக் கூடக் கன்ட்ரோல் கனக்கும், ஆகவே கையே அளவு சொல்லிவிடும். நம் மேஜை ஸ்டிக்கில் இருப்பது ஒரு ஸ்பிரிங், 60 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்திலும் அதே கனம், 120 நாட் வேகத்திலும் அதே கனம். போதாக்குறைக்கு ஸ்டிக் குட்டையானது, விரல் நகர்ந்தாலே எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) பெரிதாக அசையும். அதனால்தான் நடுப்பகுதியை மென்மையாக்க ஒரு வளைவு தேவைப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் சென்சிடிவிட்டியை மைனஸ் பக்கம் நகர்த்தினால் நடுப்பகுதி சாந்தமாகும்.

ஆனால் நடுவில் குறைத்ததை ஓரத்தில் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு உதாரணக் கணக்கு: வளைவு முழுக்கக் கன அடுக்காக இருந்தால், ஸ்டிக்கைப் பாதி தூரம் தள்ளும்போது கிடைப்பது 12.5 சதவீதம்தான். மிச்சம் 87.5 சதவீதமும் அடுத்த பாதியில் கொட்டும். தரைக்கு மேல் ஃப்ளேர் செய்ய, அதாவது சக்கரம் தொடுமுன் மூக்கை மெல்லத் தூக்க, இழுக்கும்போது நீங்கள் இருப்பது அந்தச் செங்குத்தான பகுதியில். நான் மைனஸ் 25-இல் நிறுத்திவிடுவேன், ஹெலிகாப்டருக்கு நேர்க்கோடுதான். பக்கத்தில் இருக்கும் ரியாக்டிவிட்டியைக் குறைக்காதீர்கள், அது தாமதத்தைத்தான் கூட்டும்.

த்ராட்டிலுக்கு நடு டெட்ஸோன் தேவையில்லை, ஓரம்தான் முக்கியம். லிவரை முழுக்க இழுத்தும் சிமுலேட்டர் 3 சதவீதம் என்று காட்டினால் டாக்ஸி செய்யும்போது (தரையில் ஓட்டும்போது) பிரேக்கில் கால் வைத்தபடியே இருக்க வேண்டிவரும். ஓர டெட்ஸோனைக் கொஞ்சம் ஏற்றினால் பூஜ்யம் பூஜ்யமாகவும், நூறு நூறாகவும் வரும். லிவரைத் தள்ளினால் பவர் குறைகிறதா? ரிவர்ஸ் ஆக்ஸிஸை டிக் செய்யுங்கள், முடிந்தது. எஞ்சின் உறுமியும் விமானம் நகரவே மறுத்தால் பெடலின் பிரேக் ஆக்ஸிஸ் தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள், காலை எடுத்தால் பிரேக் பிடிக்கும் கூத்து அது.

[திரையில்: ஏ320 த்ரஸ்ட் லிவர். ஐடில் (குறைந்தபட்சம்), சிஎல் (ஏறுவதற்கு), ஃப்ளெக்ஸ் (குறைத்த புறப்பாட்டுப் பவர்), டோகா (முழு பவர்) என்று வரிசையாக ஒளிர்கிறது.]

ஏர்பஸ் ஓட்டுபவர்களுக்கு மட்டும் கூடுதல் வேலை உண்டு. ஏ320-இல் புறப்பட்டபின் லிவரை அது பதிந்து உட்காரும் சிஎல் பள்ளத்துக்கு இழுத்துவிட்டால், பவரைத் தானே மாற்றும் ஆட்டோத்ரஸ்ட் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும், லிவர் அங்கேயே நிற்கும், இறங்கும்போது 20 அடியில் 'ரிடார்ட்' (லிவரை இழு) என்று குரல் கேட்கும்வரை தொட வேண்டாம். அந்தப் பள்ளங்கள் வீட்டு த்ராட்டில்கள் பலவற்றில் கிடையாது. ஆகவே அந்த விமானத்துக்கென்று டிடென்ட் (பள்ளம்) காலிபரேஷன் பக்கம் இருந்தால் அதில் ஒவ்வொரு இடத்தையும் பதிவு செய்யுங்கள், லிவரின் ஓரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி சிஎல் எங்கே என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

எல்லாம் முடிந்ததும் ப்ரொஃபைலுக்குப் பெயர் வைத்துச் சேமியுங்கள், திரையை ஒரு படமும் எடுத்து வையுங்கள். யூஎஸ்பி போர்ட் மாற்றிச் செருகினால் சில சிமுலேட்டர்கள் இது புதுக் கருவி என்று நினைத்து எல்லாவற்றையும் மறந்துவிடும்.

இனி சோதனை. ரன்வேயில் சோதிக்காதீர்கள்: முழு பவரில் செஸ்னா இடது பக்கம் இழுப்பது இயல்பு, அது ஸ்டிக்கின் குற்றம் இல்லை. 3,000 அடிக்கு ஏறி, சிமுலேட்டரில் காற்றை நிறுத்தி, 100 நாட் வேகத்தில் ட்ரிம் செய்துவிட்டு (கை வைக்காமலே மூக்கு நிலையாக நிற்கும்படி சரிசெய்துவிட்டு) ஸ்டிக்கிலிருந்து கையை எடுங்கள். இறக்கை ஒரு பக்கமாக மெல்லச் சாயலாம், அது பரவாயில்லை. மூக்கு துடித்தால் கூட்டல் குறி ஜன்னலுக்கே திரும்பிப் போங்கள்.