எக்ஸிஸ்டன்ஸ்: வெளியே வந்து நின்ற சொல்

வணக்கம். தத்துவப் பேச்சில் அடிக்கடி அடிபடும் ‘எக்ஸிஸ்டன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை நாம் ‘இருப்பு’ என்கிறோம். ஆனால் அதன் வேரில் கிடப்பது இருத்தல் அன்று, வெளிப்படுதல். லத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘சிஸ்தெரே’ என்றால் நிற்றல் அல்லது நிற்கச் செய்தல். இரண்டும் சேர்ந்த ‘எக்சிஸ்தெரே’ என்ற வினையை, ரோமப் பேச்சாளர் சிசரோவின் காலத்தவர்கள் தோன்றுதல், கிளம்புதல் என்ற பொருளில் பெரிதும் கையாண்டார்கள். ரெசிஸ்ட், இன்சிஸ்ட் ஆகியனவும் இதே குடும்பம்தான்.

இந்த வினையிலிருந்து பிறந்த ‘எக்சிஸ்டென்ஷியா’வைத் தத்துவக் கலைச்சொல்லாக ஆண்டவர்களுள் முக்கியமானவர், 4ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த மாரியுஸ் விக்டோரினுஸ், கிரேக்கத்தின் ‘ஹூபார்க்சிஸ்’ (இருப்பு) என்ற சொல்லுக்கு ஈடாக அவர் இதை வைத்தார். லத்தீனில் இத்தகைய சொற்களுக்குப் பஞ்சம் இருந்தது. அவருக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பு ரோமத் தத்துவவாதி செனெகா தம் 58ஆம் கடிதத்தில் அந்த வறுமையை நொந்துகொண்டு, ‘எசென்ஷியா’ (சாரம்) என்று சொல்வதற்கே நண்பர் லூசிலியுஸிடம் செவி பொறுத்தருளுமாறு வேண்டுகிறார்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் 12ஆம் நூற்றாண்டில் வருகிறது. பாரிஸின் செயின்ட் விக்டர் மடத்துத் துறவி ரிச்சர்ட், ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் இருக்கிறார் என்னும் கிறித்தவத் திரித்துவத்தை விளக்கும்போது இச்சொல்லை இரண்டாகப் பிரித்து, ‘சிஸ்தெரே’ ஒன்று என்னவாக இருக்கிறது என்பதையும், ‘எக்ஸ்’ அந்த இருப்பு அதற்கு எங்கிருந்து வந்தது என்பதையும் காட்டுவதாகக் கொண்டார். ஆகவே அவருக்கு இச்சொல், மூலத்தையும் சேர்த்துச் சொல்லும் இருப்பாகிறது.

பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது ஆங்கிலத்துக்குள் வந்தது. ‘புகழின் மாளிகை’ என்ற கவிதையில், ட்ராய் வீரன் ஈனியாஸின் காதலை நம்பிக் கெட்ட கார்த்தேஜ் அரசி டைடோவுக்காக இரங்கும் ஆங்கிலக் கவிஞர் சாசர், தோற்றத்துக்கு எதிரான மெய்ந்நிலை என்ற பொருளில் இதை ஆள்கிறார். ‘உள்’ என்ற வேரிலிருந்து வந்த நம் ‘உண்மை’யும் இன்மைக்கு எதிரான உளதாதலைக் குறித்த சொல் என்பதால், இந்த ஆட்சி நமக்கு எளிதில் பிடிபடுகிறது.

1947இல் வெளியான மனிதநேயம் பற்றிய கடிதத்தில் ஜெர்மன் தத்துவவாதி ஹைடெகர் இதை ‘எக்-சிஸ்டென்ஸ்’ என இடைக்கோடிட்டு எழுதி, மனிதன் மட்டுமே இருப்பின் வெளிச்சத்துக்குள் வெளிப்பட்டு நிற்பவன் என்றார். அந்தக் கருத்தை ஏற்பவர்கள் ஏற்கட்டும். ஆனால் லத்தீன் முன்னொட்டு ஒன்று அதற்குச் சான்றாகிவிடாது என்பதே என் எண்ணம், ஏனெனில் சிசரோவின் ‘எக்சிஸ்தெரே’ மனிதருக்கென ஒதுக்கி வைக்கப்பட்ட வினை அன்று.