பீலிக்கரையும் கேப்பிபாராவும்

(இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டனில் மாணவர்களும் பெற்றோரும் கூடிய ஒரு மாலையில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். இந்த மழையிலும் வந்திருக்கிறீர்கள், இழுத்தடிக்க மாட்டேன்.

போனில் கேப்பிபாராவைப் பார்க்காத பிள்ளை இங்கே இருக்க முடியாது. தலையில் பழத்தை வைத்துக்கொண்டு வெந்நீரில் சொக்கிக் கிடக்குமே, அதுதான். அது ஜப்பான் மிருகக்காட்சிசாலை. சொந்த ஊர் தென்னமெரிக்கா. வெனிசுவேலாவின் புல்வெளியிலும் பிரேசிலின் பந்தனால் சதுப்பு நிலத்திலும் அதன் பிழைப்பு வேறு மாதிரி. கொறித்துண்ணிகளிலேயே பெரியது, நம்ம முள்ளம்பன்றிக்குத் தூரத்துச் சொந்தம். வளர்ந்தது ஓர் உரமூட்டை கனம், 50 கிலோ.

சண்டையே தெரியாத சாது என்கிறார்கள். யார் சொன்னது? ஒரு கூட்டத்தில் 10 முதல் 20 வரை இருக்கும். ஓர் ஆண்தான் தலைமை. அதன் மூக்கின்மேல் மயிரில்லாத கறுப்புப் புடைப்பு இருக்கும். அதில் கசியும் பசையைச் செடிகளில் தேய்த்துக்கொண்டே போகும். மற்ற ஆண்களைக் கண்டால் விரட்டும். (கங்காணி என்று பின்வரிசையில் யாரோ சொல்வது கேட்கிறது. நான் சொல்லவில்லை.) விரட்டுப்பட்டவை ஊரைவிட்டு ஓடுவதில்லை, ஓரத்திலேயே மேயும். தனியாகப் போனால் நம்ம சிறுத்தையைவிடப் பெரிய ஜாகுவார் காத்திருக்கிறது. ஓரத்தில் நிற்பதால் ஆபத்தை முதலில் காண்பவையும் பெரும்பாலும் அவையே. நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம். கூட்டம் முழுக்கத் தண்ணீருக்குள். 5 நிமிடம் வரை மூச்சடக்கும்.

எனக்கு ஆகப் பிடித்தது குட்டிகள் விஷயம். ஐந்து மாதச் சினை, ஈற்றுக்கு 4 குட்டி போல. பிறந்த சில நாளில் புல் கடிக்கும், பாலையும் விடாது. கூட்டத்துக் குட்டிகளெல்லாம் கீச்சிட்டபடி ஒன்றாகத் திரியும். பசித்தால், பெற்றவளைத் தேடி அலையாமல் கிட்ட நிற்கிற தாயிடம் போய்க் குடிக்கும். அவளும் உதறமாட்டாள். பிள்ளைக்காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போன அம்மாமாரே, பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி ஓடி வந்தது நினைவிருக்கிறதா? நமக்கு ஓர் ஆயாம்மா. அங்கே பால் உள்ள எல்லாத் தாயும் ஆயாம்மா.

கோடையில் நீர் வற்றினால் பல கூட்டங்கள் மிஞ்சிய குட்டையைச் சுற்றி வந்து சேரும், 100 வரைகூட. தோட்டத்தில் எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அது நூலாக விழும் நாளில் குடங்களோடு நிற்போமே, அப்படி. பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் உறவாகிவிட்டன என்று நினைக்காதீர்கள். மழை இறங்கித் தண்ணீர் பரவியதும் பழையபடி தத்தம் கூட்டமாகப் பிரிந்து போய்விடும்.

சரி, முன்வரிசைத் தம்பி அப்போதிருந்தே கை தூக்கியபடி இருக்கிறான். கேளப்பா.