நமக்கு முன்னே சுடுபடும் உடல்: வெப்பக் காப்பும் மருத்துவ மாதிரிகளும்

[காட்சி: கன்னியா வெந்நீர்க் கிணறுகள், காலை நேரம்.]

வணக்கம். திருகோணமலை நகரிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் கன்னியாவில் ஏழு கிணறுகளிலும் நீர் சூடாகவே ஊறுகிறது. கிணற்றுக்குக் கிணறு சூடு சற்று மாறுபட்டாலும், அந்த நீரை அள்ளி முழுகுகின்றவர்களின் தோல் வெந்துபோவதில்லை. ஆனால் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தேநீர் கையிற் சிந்தினால் ஒரு கணத்திற் கொப்புளம் எழும்பிவிடுகிறது. இந்த இரண்டு சூடுகளுக்கும் இடையில் மனிதத் தோலுக்கென்று ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையைப் பாகையாலும் செக்கனாலும் அளந்து அறிந்த பின்னர்தான், தீயணைப்பு வீரரின் அங்கியை நம்பி ஒருவரை நெருப்பின் அருகே அனுப்ப முடிந்தது.

அந்த எல்லையை அமெரிக்க ஆய்வாளர்களான மொரிட்ஸ், ஹென்றிக்ஸ் ஆகிய இருவரும் 1947 இல் வெளியிட்ட கட்டுரைகள் தெளிவாக்கின. தோலின் வெப்பநிலை 44 பாகை செல்சியசில் நிலைத்து நின்றால், மீளாத சேதம் ஏற்பட ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். அதற்கு மேல் 51 பாகை வரையில், ஒவ்வொரு பாகை கூடும்போதும் தேவைப்படும் நேரம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. 60 பாகையை அடைந்துவிட்டால் சில செக்கன்களே போதும். ஆகவே தோலைச் சுடுவது சூடு மட்டுமன்று; சூடும் நேரமும் சேர்ந்தே சுடுகின்றன. வெப்பக் காப்பு என்று நாம் அழைக்கும் ஒவ்வொரு கண்டுபிடிப்பும் மனிதருக்கு வாங்கிக் கொடுப்பது நேரத்தையே. தீக்காயமின்றித் தப்பி வெளியேறுவதற்கான சில செக்கன்கள், சில வேளைகளில் சில நிமிடங்கள்.

[காட்சி: சீனன்குடா எண்ணெய்க் குதங்கள், தூரத்திலிருந்து.]

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களில் தீப்பற்றியது. அத்தகைய எண்ணெய்த் தீக்கு அருகில் நிற்கும் ஒருவரைச் சூடு எப்படி வந்தடைகிறது என்று பாருங்கள். சுடரை அவர் தொடவில்லை. ஆதலால் கடத்தல் இல்லை. சுடுகாற்றின் பெரும்பகுதி மேலெழுந்து போய்விடுகிறது. ஆதலால் மேற்காவுகையும் குறைவு. அவரைச் சுடுவது பெரும்பாலும் கதிர்வீசலே. விமானத் தீயணைப்பாளர்கள் அணியும் அங்கி வெள்ளியைப் போலப் பளபளப்பது இதனால்தான்: துணியின் மேல் ஒட்டிய மெல்லிய அலுமினியப் படலம் வருகின்ற கதிர்களின் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அந்தப் படலத்தில் புகைக்கரியோ எண்ணெயோ படிந்துவிட்டால் அங்கி பழையபடி ஒரு சாதாரணத் துணியாகிவிடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

கட்டடத் தீக்குள் நுழைகின்றவருக்குக் கண்ணாடியைப் போன்ற மேற்பரப்பு போதாது. அவருடைய அங்கி மூன்று படைகளால் ஆனது. வெளிப்படை அரமிட் வகை நாரால் நெய்யப்படுகிறது. 1967 இல் டூபொன்ட் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த நோமெக்ஸ் அவ்வகையில் மிகவும் அறியப்பட்டது. பொலியெஸ்டர் 260 பாகையை அண்மித்ததும் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நோமெக்ஸ் உருகுவதில்லை, கரியாகித் தடித்து நிற்கும். நடுப்படை நீரைத் தடுக்கிறது. உட்படை மெத்தையைப் போன்றது. அங்கே உண்மையில் காவலியாக இருப்பது நார்களுக்கிடையில் அசையாது அடைபட்டிருக்கும் காற்றே. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துவதால், வியர்வையில் ஊறிய உட்படையின் காப்புத்திறன் குறைந்துவிடுகிறது. அந்த ஈரம் சூடேறி நீராவியானால் அங்கிக்குள்ளேயே தோல் வெந்துவிடக்கூடும்.

விண்கலங்களின் வெப்பக் காப்பும் இதே வழிகளையே பின்பற்றுகிறது. 1981 இல் முதன்முதலாக விண்ணுக்குச் சென்ற கொலம்பியா விண்ணோடத்தின் ஓடுகள் தூய சிலிக்கா நார்களால் செய்யப்பட்டவை. அவற்றின் கனவளவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வெற்றிடைவெளியே. சூளையிலிருந்து எடுத்த ஓட்டின் உட்பகுதி செந்நிறமாக ஒளிரும்போதே அதன் விளிம்புகளை வெறும் விரல்களாற் பிடிக்க முடியும். அப்பலோ கலங்களின் கவசமோ தன்னையே சிறிது சிறிதாகக் கருக்கி உதிர்த்து, அதனோடு வெப்பத்தையும் கொண்டுபோனது. தடுத்து நிறுத்துவது ஒரு வழி, தன்னை இழந்து காப்பது மற்றொரு வழி. மூன்றாவது வழியொன்றும் உண்டு. அதற்குப் பின்னர் வருவோம்.

[காட்சி: மனித வடிவிலான சோதனை உருவம், கறுப்பு நிறம், உடலெங்கும் சிறு வட்ட உணரிகள்.]

இப்போது கடினமான கேள்வி ஒன்று எழுகிறது. இந்த அங்கிகள் காக்கின்றன என்று எவ்வாறு தெரியும்? துணியில் ஒரு துண்டை வெட்டிச் சுடரில் பிடித்தால் துணியைப் பற்றி அறியலாம். அதை அணிந்த மனிதரைப் பற்றி அறிய முடியாது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்தில் அலிஸ் ஸ்டோல் என்னும் அறிஞர் தன்னார்வலர்களின் முன்கைகளில் சிறிய பரப்பொன்றைச் சூடாக்கி, வலி தொடங்கும் கணத்தையும் கொப்புளம் தோன்றும் கணத்தையும் பதிந்தார். எவ்வளவு வெப்பம் எவ்வளவு நேரத்தில் கொப்புளத்தை உண்டாக்கும் என்று காட்டி, அவரும் சக ஆய்வாளரான சியாண்டாவும் 1969 இல் வெளியிட்ட வளைகோடு இன்றும் பாதுகாப்பு ஆடைகளின் அளவுகோலாக விளங்குகிறது. ஆனால் எவரையும் முழு உடலோடு தீயில் நிறுத்திப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆகவே நமக்குப் பதிலாகச் சுடுபடும் ஓர் உடல் தேவைப்பட்டது.

அந்த உடலுக்கு முன்னோடியாக அமைந்தது தீக்காக அன்றிக் குளிருக்காகவே செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 இல், ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாவூட் பெல்டிங் அடுப்புப் புகைக்குழாயையும் தகட்டையும் கொண்டு, தலையும் கையும் இல்லாத ஓர் உருவத்தை அமைத்து, உள்ளே மின்சூடாக்கியும் விசிறியும் வைத்தார். உருவத்தை உடற்சூட்டில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று பார்த்தால், அணிவித்த ஆடை எவ்வளவு வெப்பத்தைத் தப்பவிடுகிறது என்பது தெரிந்துவிடும். பின்னர் வந்த செப்பு உருவங்களும், உடலைப் பல பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே அளக்கும் இன்றைய உருவங்களும் இதே எளிய எண்ணத்தின் வளர்ச்சியே.

தீச்சோதனைக்குரிய உருவம் வேறு வகையானது. வெப்பத்தைத் தாங்கும் பொருளால் வார்த்த அந்த உடலில் நூற்றுக்கும் மேற்பட்ட உணரிகள் பதிக்கப்பட்டிருக்கும். ஆடையை அணிவித்த பின், சுற்றிலும் உள்ள எரிகுழல்கள் சதுர மீற்றருக்கு 84 கிலோவாற்று வெப்பத்தை அதன்மேல் செலுத்துகின்றன. எமது ஊரில் கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் உச்சி வெயில் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1 கிலோவாற்றையே தருகிறது. அந்த வெயிலைப் போல எண்பது மடங்குக்கும் மேலான தீயிலேயே அந்த உருவம் நிற்கிறது.

சுடர் அணைந்த பின்னும் சோதனை முடிவதில்லை. குறைந்தது இன்னும் ஒரு நிமிடம் உணரிகள் பதிவு செய்துகொண்டே இருக்கும். ஏனெனில் ஆடையிற் தேங்கிய வெப்பம் அதன்பிறகும் உள்நோக்கி இறங்குகிறது. ஒவ்வோர் உணரியின் அளவையும் கொண்டு, தோலின் மெல்லிய மேற்படையும் அதன் கீழுள்ள படையும் எந்தெந்தக் கணத்தில் எவ்வளவு சூடேறியிருக்கும் என்று கணினி கணிக்கிறது. பின், சூட்டையும் நேரத்தையும் கொண்டு தோலின் சேதத்தைக் கணக்கிடும் ஹென்றிக்ஸின் சமன்பாட்டினால் எவ்விடத்தில் எத்தனையாம் நிலைத் தீக்காயம் ஏற்பட்டிருக்கும் என்று உடலின் படத்தில் நிறமிட்டுக் காட்டுகிறது.

இந்த இடத்தில் வாங்குபவர்கள் அறியாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எண்ணெய், எரிவாயுத் துறைத் தொழிலாளர் ஆடைகளுக்கான அமெரிக்கத் தரமான என்எஃப்பிஏ 2112 இன்படி, 3 செக்கன் சுடரில் கணிக்கப்படும் தீக்காயம் உடற்பரப்பின் 50 வீதத்தைத் தாண்டாவிட்டால் ஆடை தேறிவிடும். தேறிய ஆடை என்றால் காயமே வராத ஆடை என்று பலர் எண்ணுகிறார்கள், அவ்வாறன்று. உடலிற் பாதி வெந்தவருக்கும் கால்வாசி வெந்தவருக்கும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு பெரிதும் வேறுபடுகிறது. ஆகவே தேர்ச்சிச் சான்றிதழோடு நின்றுவிடாமல், கணிக்கப்பட்ட வீதம் எவ்வளவு என்ற எண்ணையும் கேட்டுப் பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சுடர் அணைந்தும் சூடு இறங்குகிறது என்ற அந்த உண்மை முதலுதவிக்கும் பொருந்தும். சுட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடிக்கச் சொல்வது, தோலுக்குள் எஞ்சிய வெப்பத்தை வெளியேற்றுவதற்கே. பற்பசையும் எண்ணெயும் தடவினால் அந்த வெப்பம் உள்ளேயே அடைபட்டுவிடும்.

[காட்சி: பயிற்சி அறை. தாதிய மாணவிகள் மாதிரி உடலின் மார்பை அழுத்துகிறார்கள்.]

மனிதருக்குப் பதிலாக ஒரு மாதிரியைத் துன்புறுத்திக் கற்றுக்கொள்வது மருத்துவத்தில் மிகவும் பழையது. சுசுருத சங்கிதை, சத்திர சிகிச்சை பழகும் மாணவர்களைப் பூசணி, சுரை, வெள்ளரி ஆகியவற்றில் வெட்டிப் பழகவும், தாமரைத் தண்டில் நாளத்தைத் திறந்து பழகவும், தடித்த துணியில் தைத்துப் பழகவும் சொல்கிறது. 18 ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஆஞ்செலிக் டு கூட்ரே என்னும் மருத்துவிச்சி, துணியும் தோலும் பஞ்சும் கொண்டு இடுப்பும் சிசுவுமாக ஒரு பிரசவ மாதிரியைச் செய்து, 1759 இல் மன்னரின் ஆணையைப் பெற்று ஊர் ஊராகச் சென்று பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்பித்தார். நோர்வேயின் விளையாட்டுப் பொம்மை உற்பத்தியாளரான ஆஸ்மண்ட் லார்டால் 1960 இல் உருவாக்கிய ‘அன்’ என்னும் உருவத்தின் வாயில் ஊதினால் மார்பு உயரும். அதே ஆண்டில் மார்பை வெளியிலிருந்து அழுத்தி இதயத்தை இயக்கும் முறையும் வெளியானதால், பின்னர் அந்த மார்பினுள் வில்லொன்றும் வைக்கப்பட்டது.

தீச்சோதனை உருவம் ஒரு பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறது. மருத்துவ மாதிரி ஒரு கையைப் பழக்குகிறது. வெப்பக் காப்பும் மருத்துவ மாதிரியும் சந்திக்கும் இடம் பிரசவ விடுதி.

பிறந்த குழந்தைக்கு வெப்பக் காப்பு ஏன் வேண்டும், எமது ஊர்தான் எப்போதும் வெக்கையாக இருக்கிறதே என்று கேட்கலாம். கருப்பையின் 37 பாகைச் சூட்டிலிருந்து நனைந்த உடலோடு வெளிவரும் சிசுவின் மேலுள்ள ஈரம் ஆவியாகும்போது உடற்சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மேலே விசிறியோ குளிரூட்டியோ ஓடினால் இன்னும் விரைவாகப் போகும். குழந்தையின் எடைக்கு அதன் தோற்பரப்பு மிக அதிகம். குறைமாதக் குழந்தைக்குக் காவலியாக இருக்க வேண்டிய கொழுப்பும் இல்லை. 36.5 பாகைக்குக் கீழே இறங்கினாலே அதைக் குளிர்நிலை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. 32 வாரங்களுக்கு முன்னர் பிறக்கும் சிசுவைத் துடைப்பதற்கும் முன்பாகவே, முகத்தை விட்டுக் கழுத்துவரையில் தூய பொலித்தீன் பையினுள் வைப்பது ஆவியாதலை நிறுத்துவதற்காகவே. இத்தனை மலிவான பொருள் இவ்வளவு பெரிய காப்பைத் தருவது வேறெங்கும் அரிது.

தடுத்து நிறுத்துவதும் தன்னை இழந்து காப்பதும் அல்லாத, முன்னர் சொன்ன மூன்றாவது வழி இங்கேதான் வருகிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் 2007 இல் தொடங்கிய ‘எம்பிரேஸ்’ என்னும் முயற்சியில், சிசுவுக்கான சிறிய உறைபை ஒன்றினுள், 37 பாகையளவில் உருகி உறையும் மெழுகு போன்ற பொருளைக் கொண்ட பட்டை வைக்கப்படுகிறது. அதை முதலில் சூடாக்கி உருக்கிவிட்டால், மீண்டும் உறையும்வரை தன் மறைவெப்பத்தைச் சிறிது சிறிதாக வெளிவிட்டு, தொடர்ச்சியான மின்சாரம் இல்லாமலே சில மணி நேரம் அதே சூட்டில் நிற்கும். தூரத்துக் கிராமமொன்றிலிருந்து பெரிய வைத்தியசாலைக்குக் குழந்தையைக் கொண்டுவரும் பயணத்துக்கு இத்தகைய காப்பு மிகவும் ஏற்றது.

கருவி இருந்தாலும் கை பழகியிருக்க வேண்டும். 2010 இல் வந்த ‘நியோநட்டலி’ என்னும் சிசு மாதிரியில் வெதுவெதுப்பான நீரை நிரப்பினால், அது குழந்தையின் எடையோடும் தளர்வோடும் சூட்டோடும் கையில் கிடக்கும். துடைத்தல், போர்த்துதல், மூச்சு விடாவிட்டால் முகமூடியால் காற்றூட்டுதல் ஆகிய யாவற்றையும் பிறந்த முதல் நிமிடத்துக்குள் செய்யப் பழகுவதற்கு, குளிர்ந்த ரப்பர்ப் பொம்மையைவிட இந்த இளஞ்சூட்டு உடல் எவ்வளவோ உதவும் என்று நம்புகிறேன்.

[காட்சி: நண்பகல், துறைமுக வீதி. முழு அங்கியோடு பணியாளர்கள்.]

கடைசியாக, எமது கரையோரத்துக்கே உரிய ஒரு சிக்கல். தீயைத் தடுக்கும் அங்கி உடலின் சூட்டையும் வெளியே விடாது. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். ஆவியாகாமல் வழிந்து சொட்டினாலோ அந்தப் பயன் கிடைப்பதில்லை. இதை அளப்பதற்கே வியர்க்கும் உருவங்கள் உருவாக்கப்பட்டன. ஹொங்கொங் பொலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் உருவான ‘வோல்டர்’ துணியும் நீரும் கொண்டு அமைந்தது. அதன் துணித்தோல் நீரைச் சொட்டவிடாது, நீராவியை மட்டும் வெளிவிடும். அதற்கு அணிவிக்கும் ஆடையினூடாக எவ்வளவு நீராவி வெளியேறுகிறது என்பதை அதைக் கொண்டு அறியலாம்.

ஈரப்பதன் மிகுந்த எமது கடற்கரை ஊருக்கு அங்கி வாங்குகின்றவர்கள் தீச்சோதனையின் எண்ணோடு இந்த எண்ணையும் சேர்த்துக் கேட்க வேண்டும். குளிர்நாட்டுக்கென்று தடிப்பாகத் தைத்த அங்கி இங்கே நண்பகலில் தீயைக் காணும் முன்பே ஒருவரை மயங்கி விழச் செய்யக்கூடும். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதென்றால், ஓய்வு நேரத்தில் அங்கியைக் கழற்றி, நிழலில் இருந்து, இரு முன்கைகளையும் குளிர்ந்த நீரில் 15 நிமிடமளவில் அமிழ்த்தி வைக்கச் சொல்லுங்கள். தீயணைப்பாளர்களின் உடற்சூட்டைத் தணிக்க இந்த முறை உதவுவது சோதனைகளில் காணப்பட்டிருக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு பெரிய பாத்திரமும் நீரும் மட்டுமே.