பல்லவரை முடித்த போர்: திருப்புறம்பியமா, தொண்டைநாடா?

நடுவர் அவர்களே, வேலூர்ப் பெருமக்களே, வணக்கம்.

"பல்லவர் மரபுக்கு முடிவு கட்டியது திருப்புறம்பியம் போர்தான்" என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டு உட்கார்ந்தார். கைத்தட்டலும் வாங்கினார். நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் போரில் ஜெயித்தது யார்?

பல்லவன்தானே ஐயா! கி.பி. 880-ஐ ஒட்டி, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நடந்த சண்டை. அந்தப் பக்கம் பாண்டியன் இரண்டாம் வரகுணன். இந்தப் பக்கம் அபராசித பல்லவன், கங்க மன்னன் முதலாம் பிருதிவீபதி, கூடவே ஆதித்த சோழன். தோற்றது பாண்டியன். தோற்றவன் வம்சம் இருக்கிறது, ஜெயித்தவன் வம்சம் முடிந்துவிட்டதா? கணக்கு உதைக்கிறதே!

திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். அபராசிதனின் 18-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அரசனே பாடிய வெண்பாவும் அங்கே உண்டு. முடிந்துபோன அரசு உட்கார்ந்து வெண்பா பாடுமா?

முடிவு வந்தது அதற்குப் பிறகு, கூட நின்ற அதே ஆதித்தன், காஞ்சியைச் சுற்றிய பல்லவர் பகுதியான தொண்டைநாட்டின் மேல் படையெடுத்தபோது. நம் திருவாலங்காட்டுச் செப்பேடு, அபராசிதனை வென்று அவன் நாட்டை ஆதித்தன் எடுத்துக்கொண்டதைச் சொல்கிறது. பிற்காலச் சோழ மன்னன் வீரராசேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டு இன்னும் விவரமாகச் சொல்கிறது: யானைமேல் இருந்த பல்லவன்மீது ஆதித்தன் பாய்ந்து கொன்றான். அந்தக் காலப் போரில் அரசன் யானைமேல் ஏறுவது, மொத்தப் படையும் அவனைப் பார்த்தபடி நிற்கத்தான். அதிலேயே ஆபத்தும் இருக்கிறது. அவன் சாய்ந்தால் அதையும் மொத்தப் படையும் பார்க்கும்; அப்புறம் யார் நிற்பார்கள்? 949-இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் செத்தபோதும் இதேதான் நடந்தது. ஆனால் தஞ்சையில் தந்தை பராந்தகன் உயிரோடு இருந்தான், மரபு பிழைத்தது. அபராசிதனுக்குப் பின்னால் அப்படித் தாங்கிப் பிடிக்கக் காஞ்சியில் ஆளில்லை.

திருப்புறம்பியத்தால் ஆதித்தன் வளர்ந்தான் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். பல்லவனுக்கு அங்கே நஷ்டமும் உண்டு: பிருதிவீபதி களத்திலேயே இறந்தான். மேற்கிலிருந்து வந்த படைத்துணை அவனோடு போயிற்று. ஆனால் துணை போவது வேறு, அரசு போவது வேறு.

பிருதிவீபதி உயிர் கொடுத்த செய்தியைச் சொல்வதே வாணியம்பாடிப் பக்கத்து உதயேந்திரம் செப்பேடுதான். அதை வெளியிட்டவன் அவன் பேரன் இரண்டாம் பிருதிவீபதி. யாருடைய ஆட்சியாண்டைப் போட்டு? முதலாம் பராந்தக சோழனின் 15-ஆம் ஆண்டு! தாத்தா பல்லவனுக்காகச் செத்தார், பேரன் சோழன் ஆண்டில் சாசனம் எழுதுகிறார். இடையில் தொண்டைநாட்டுக் கொடி கைமாறியது ஆதித்தன் பாய்ந்த அந்த யானைமேல்தான், நடுவர் அவர்களே.