கரண்ட் போனாலும் சேவ் போகக் கூடாது

நேயர்களுக்கு வணக்கம். மன்னார்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ராஸ்பெர்ரி பை என்கிற கையடக்கக் கம்ப்யூட்டரை டிவியில் மாட்டி, பழைய வீடியோ கேம் விளையாடுகிறவர்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். வந்ததும் கேட்பது, "அண்ணே, எத்தனை ஜிபி கார்டு போடலாம்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நம் ஊரில் அதைவிட முக்கியமான கேள்வி, விளையாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது.

முதலில் ஜிபி கணக்கு. தொண்ணூறுகளில் கேசட் செருகி விளையாடினோமே சூப்பர் மாரியோ, அது மொத்தமே 40 கிலோபைட். கான்ட்ரா 128 கிலோபைட். சூப்பர் நிண்டெண்டோ என்ற கேம் மெஷினில் வந்த மிகப் பெரிய கேசட்டே 6 மெகாபைட்தான். நிண்டெண்டோ 64-ல் அதிகபட்சம் 64 மெகாபைட். ஆக, கேசட் கேம் மட்டும் போதும் என்பவர்களுக்கு 32 ஜிபி கார்டு தாராளம். சிடியில் வந்த பிளேஸ்டேஷன் கேம்கள்தான் இடத்தைச் சாப்பிடும். ஒரு சிடி 650, 700 மெகாபைட் வரை போகும், சில கேம்களுக்கு மூன்று நான்கு சிடிகள். சிஎச்டி என்ற வடிவத்துக்கு மாற்றினால் பல கேம்கள் நன்றாகவே சுருங்கும். அந்த ஆசை இருப்பவர்கள் 128 ஜிபிக்கு மேல் பாருங்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்டால் கேம் வேகமாக ஓடும் என்று நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். முதல் பிளேஸ்டேஷனின் சிடி டிரைவ் ஒரு வினாடிக்குப் படித்தது 300 கிலோபைட். ராஸ்பெர்ரி பை 4-ல் சாதாரண மெமரி கார்டே வினாடிக்கு 40 மெகாபைட் அளவுக்குப் படிக்கும். அப்புறம், எமுலேட்டர், அதாவது பழைய கேம் மெஷினைப் போலவே நடிக்கும் மென்பொருள், அந்தப் பழைய டிரைவின் தாமதத்தையும் சேர்த்தேதான் நடித்துக் காட்டுகிறது. எஸ்எஸ்டியால் சிஸ்டம் சீக்கிரம் எழும், படங்களோடு கூடிய பெரிய கேம் பட்டியல் தடங்கல் இல்லாமல் நகரும், அவ்வளவுதான். கார்டு வாங்கும்போது அதன் மேல் ஏ1 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். சின்னச் சின்னத் துண்டுகளாகப் படித்து எழுதும் வேலையை அது ஒழுங்காகச் செய்யும் என்பதற்கான அடையாளம் அது.

சரி, கரண்ட் விஷயத்துக்கு வருவோம். நம் பக்கத்து நிலைமை உங்களுக்குத் தெரியும். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எப்போது போகும் என்றே சொல்ல முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எத்தனையோ கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மெமரி கார்டுக்கு இதில் என்ன ஆபத்து என்றால், கார்டுக்குள் ஒரு சிறு துண்டை மாற்றி எழுதவேண்டும் என்றாலும், எந்தத் தகவல் எந்த மூலையில் இருக்கிறது என்று கார்டு தனக்குள் வைத்திருக்கும் கணக்கையும் அது திருத்தவேண்டும். சரியாக அந்த நேரத்தில் மின்சாரம் நின்றால் அந்தத் துண்டோடு சம்பந்தமே இல்லாத தகவல்கூடப் போய்விடும். நீங்கள் சும்மா மெனுவைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பின்னால் சிஸ்டம் ஏதாவது எழுதிக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. குடவாசல் பக்கத்திலிருந்து ஒரு பையன் கார்டைக் கொண்டுவந்தான். தினமும் கேமுக்குள் சேவ் கொடுத்திருக்கிறான், திரையிலும் 'சேவ் ஆகிவிட்டது' என்று வந்திருக்கிறது. மறுநாள் திறந்தால் அந்த சேவைக் காணோம், பழைய இடத்துக்கே போய் நிற்கிறது. கார்டைச் சோதித்தேன், அதில் ஒரு குறையும் இல்லை. எப்படி அணைப்பாய் என்று கேட்டேன். "சுவிட்ச நிறுத்திடுவேண்ணே" என்றான். காரணம் அதுதான். எமுலேட்டர்களை ஓட்டும் ரெட்ரோஆர்க் என்ற மென்பொருள், கேமுக்குள் நாம் கொடுக்கும் சேவ் தகவலை முதலில் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கும். கேமை விட்டு முறையாக வெளியே வரும்போதுதான் கார்டில் எழுதும். அதன் அமைப்புகளில் சேவிங் என்ற பகுதிக்குள் ஆட்டோசேவ் இடைவெளி என்று ஒன்று உண்டு. அதில் 10 வினாடி போட்டுக் கொடுத்தேன். நீங்களும் போட்டுவிடுங்கள். கேமை விட்டு வெளியே வந்து, மெனுவில் ஷட்டவுன் கொடுத்து, பச்சை விளக்கு மின்னுவது நின்ற பிறகு சுவிட்சில் கை வைக்கும்படி வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது சாதாரண மோடில் இருந்தால், பேட்டரிக்கு மாறுகிற அந்த நொடியில் ராஸ்பெர்ரி பை அணைந்து எழக்கூடும். யுபிஎஸ் மோடில் மாற்றம் வேகமாக நடக்கும். ஆனால் பம்புசெட் ஓடி வோல்டேஜ் இறங்குகிற ஊர்களில் இந்த மோடு அடிக்கடி பேட்டரிக்குத் தாவும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு இதுதான். 32 ஜிபி கார்டில் சிஸ்டம் மட்டும். கேமும் சேவும் யுஎஸ்பியில் மாட்டிய சிறிய எஸ்எஸ்டியில். பழைய கேம் விளையாடுவதற்கென்றே உள்ள சிஸ்டங்களான ரெட்ரோபை, பேட்டோசெரா இரண்டுமே இப்படிப் பிரித்து வைக்க இடம் தருகின்றன. கார்டு ஒருநாள் செத்தால் புதுக் கார்டில் சிஸ்டத்தை எழுதிப் போட்டால் போதும், சேவ் எல்லாம் அப்படியே இருக்கும். அந்த எஸ்எஸ்டியை லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மட் செய்வது நல்லது. எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறை விண்டோஸில் எளிதாகத் திறக்கும், அது வசதிதான். ஆனால் எழுதும் நடுவில் கரண்ட் போனால் மீண்டுவர உதவும் ஜர்னல் அதில் கிடையாது. பழைய ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை அது ஏற்காது.

வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கை மாட்டலாமா? மாட்டலாம், மின்சாரம் போதுமா என்று பார்க்கவேண்டும். பை 4-ல் நான்கு யுஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். டிஸ்க் சுழலத் தொடங்கும்போதே அதில் பெரும்பகுதியை இழுத்துவிடும். திரை மூலையில் மின்னல் சின்னம் வந்தால், தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் வாங்குங்கள். பென் டிரைவ் கேமைப் படிக்கப் பரவாயில்லை, தொடர்ந்து எழுதினால் பல டிரைவ்கள் சூடாகித் திணறும். பை 5-ல் என்விஎம்இ என்ற இன்னும் வேகமான எஸ்எஸ்டி போடலாம், பழைய கேம்களுக்கு அது தேவையில்லை.

எஸ்எஸ்டியை நீலநிற யுஎஸ்பி துளையில் மாட்டியதும் வயர்லெஸ் ஜாய்ஸ்டிக் தாமதமாகிறதா? யுஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல், ஜாய்ஸ்டிக் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் குறுக்கிடும். ஜாய்ஸ்டிக்கின் ரிசீவரை ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டித் தள்ளி வையுங்கள்.

சேவ் ஃபைல்கள் ரொம்பச் சிறியவை. பிளேஸ்டேஷனின் ஒரு மெமரி கார்டே 128 கிலோபைட்தான். வாரம் ஒருமுறை அந்த ஃபோல்டரை பென் டிரைவுக்கோ போனுக்கோ நகலெடுத்து வைத்துவிடலாம்.

கடைசியாக, 'பத்தாயிரம் கேம் ஏற்றியது' என்று மலிவாக விற்கும் கார்டுகளை வாங்காதீர்கள். அந்தக் கேம்களுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். உருவாக்கியவர்களே இலவசமாகத் தரும் புதிய ரெட்ரோ கேம்கள் ஏராளம் கிடைக்கின்றன. போதாததற்கு, அந்த மலிவுக் கார்டுகளில் 512 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 32 ஜிபி மட்டும் இருப்பதையும் பார்த்திருக்கிறேன். எந்தக் கார்டு வாங்கினாலும் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் வாங்கிய அன்றே எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள். பெரிய கார்டு என்றால் மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். அது முடியும்வரை பில்லையும் அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். நன்றி, வணக்கம்.