கோடு நேரானது, பாட்டு கெட்டது: டார்கெட் கர்வ் பற்றி

வணக்கம். போன வீடியோவில் மைக் வைத்து அறையில் ஸ்பீக்கர் ஒலி எப்படி வருகிறது என்று அளந்தோம், இல்லையா? அதற்கப்புறம் வந்த கேள்வி எல்லாம் ஒன்றுதான்: எந்த டார்கெட் கர்வ் போடுவது? அதாவது, தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை எது எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்று நாம் குறிவைக்கும் கோடு.

முதலில் நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஈக்வலைசரில் (ஒவ்வொரு அலைவரிசையின் சத்தத்தையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் கருவி) சமப்படுத்தினேன். திரையில் பார்க்க அவ்வளவு அழகு! பாட்டைப் போட்டால் ஸகரமும் ஷகரமும் காதைக் கீறின. பேஸ் கிட்டார் இருக்கும் இடமே தெரியவில்லை.

ஏன் அப்படி? நல்ல ஸ்பீக்கரின் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, எல்லாப் பக்கமும் பரவும், ட்ரெபிள், அதாவது உயர்ந்த ஒலி, முன்பக்கம்தான் குவியும். அதனால் சுவர் திருப்பித் தரும் ஒலியில் ட்ரெபிள் குறைவு. மைக் எல்லாவற்றையும் கூட்டிச் சரிவாகக் காட்டும். காதோ ஸ்பீக்கரிலிருந்து நேராக வருவதற்கு முதலிடம் கொடுக்கும். அந்தச் சரிவை நிமிர்த்தப் போய், ஒழுங்காக இருந்த நேர் ஒலியை நானே கெடுத்தேன்.

இது புதுச் சங்கதியும் இல்லை. 1974லேயே ஒலி அளக்கும் கருவிகள் செய்யும் புருயெல் அண்ட் கேயர் நிறுவனத்தின் கட்டுரை, வீட்டுக்கு மெல்லச் சரியும் கோட்டைத்தான் சொன்னது. ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஆய்வாளர் ஷான் ஆலிவின் குழு, கேட்பவர்களையே பிடித்த அளவுக்குப் பேஸும் ட்ரெபிளும் வைக்கச் சொல்லி, 2013இல் முடிவை வெளியிட்டது. சராசரியாகப் பேஸ் ஏறியது, ட்ரெபிள் இறங்கியது. ஆனால் ஆளுக்கு ஆள் நிறைய வித்தியாசம். அதனால் இணையத்தில் கிடைக்கும் கர்வை அப்படியே இறக்கிப் போடாதீர்கள்.

நான் 300 ஹெர்ட்ஸுக்கு மேலே கை வைப்பதே இல்லை. அங்கே ஸ்பீக்கரே மோசம் என்றால் ஸ்பீக்கரைத்தான் மாற்ற வேண்டும். கீழே நடப்பது அறையின் ஆட்டம். 4 மீட்டர் நீள அறை என்றால் 43 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு வரும். மேட்டை வெட்டுங்கள். பள்ளத்தை நிரப்பப் போகாதீர்கள், ஆம்ப்ளிஃபயர்தான் திணறும், பள்ளம் அப்படியே இருக்கும். உட்காரும் இடத்தை ஒரு அடி நகர்த்திப் பாருங்கள்.

சரி, மிச்சம் பேஸ் அளவு. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபல் ஏற்றித் தொடங்குங்கள். வழக்கமாக வைக்கும் சத்தத்திலேயே நன்றாகத் தெரிந்த பத்துப் பாட்டைக் கேளுங்கள். எல்லாப் பாட்டிலும் பேஸ் அதிகம் என்றால் குறையுங்கள். ஒன்றிரண்டில் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள், அது அந்த ரெக்கார்டிங் மிக்ஸ் செய்யப்பட்ட விதம். நான் இப்போது 5இல் நிற்கிறேன். 2 டெசிபலுக்கு இன்னொரு ப்ரீசெட்டும் வைத்திருக்கிறேன், பேச்சு மட்டும் கேட்கும்போது அதுதான்.