எந்தப் பக்கம் நின்று பார்த்தது கண்?
(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பேரன்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, ஆண்டுதோறும் ஒலிபெருக்கிக்குக் காசு வாங்க மறுக்கும் பந்தல் கடை அண்ணாச்சி அவர்களே, சுண்டல் வரும்வரை பொறுத்திருக்கும் பெருமக்களே, வணக்கம். சால்வைக்கு நன்றி. போன ஆண்டு கொடுத்ததும் இதே நிறம்தான்.

‘கண் பார்த்தால் கை செய்யும்’ என்பார்கள். முப்பது ஆண்டுகள் கைத்தொழில் ஆசிரியனாக இருந்தவன் நான். இந்தப் பழமொழியை வைத்துத்தான் பிழைத்தேன். இன்று அதைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் என் பாட்டி. மாலையானால் மடியில் மல்லிகையைக் கொட்டிக்கொண்டு, நனைத்த வாழைநாரோடு திண்ணையில் உட்காருவாள். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நாரை ஒரு சுற்று, விரலில் ஒரு கண்ணி, ஓர் இழுப்பு. அவ்வளவுதான், பேச்சு மட்டும் தெருக்கதையில் இருக்கும். எட்டு வயதில் நானும் கட்டுவேன் என்று அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். அவள் வலக்கையால் செய்ததை நான் இடக்கையால் செய்தேன். அவள் கண்ணி உள்ளே போனால் என் கண்ணி வெளியே வந்தது. நான்கு நாள், நான்கு படி பூ! தூக்கிப் பிடித்தால் நார் மட்டும் கையில் நிற்கும். பூவெல்லாம் திண்ணையில் கிடக்கும். அத்தை சொன்னாள், “சாமிக்கு உதிரிப்பூவே போதும், அவனை விடுங்கள்.” ஐந்தாம் நாள் பாட்டி என் காதைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். “எதிரே இருந்தால் என் கை உனக்குத் தலைகீழடா. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்.” அன்று இரவு ஒரு முழம் கட்டினேன். அம்மா அதைத் தலையில் வைத்துக்கொண்டாள். கோணல்தான், யாரும் சொல்லவில்லை.

பாட்டி காதைப் பிடித்துச் சொன்னதை ஃபிலிப் ஜாக்சன், ஆண்ட்ரூ மெல்ட்சாஃப், ழான் டெசெட்டி ஆகிய ஆய்வாளர்கள் மூளையை ஸ்கேன் எடுத்துச் சொன்னார்கள். 2006இல் வெளியான ஆய்வு அது. எளிய கை, கால் அசைவுகளைப் படமாகக் காட்டினார்கள். சில படங்கள் நம் கையை நாமே குனிந்து பார்ப்பதுபோல. சில, எதிரே நிற்பவரைப் பார்ப்பதுபோல. தன் கண்ணோட்டத்தில் பார்த்தபோது, அதைப் போலவே செய்யத் தொடங்க எடுத்துக்கொண்ட நேரம் குறைந்தது. மூளையின் இடப்பக்கத்தில் தொடு உணர்வையும் அசைவையும் கவனிக்கும் பகுதி கூடுதலாக வேலை செய்தது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோதும் அப்படித்தான்! எதிர்ப்பக்கப் படத்திலோ, பின்மண்டையை ஒட்டிய பார்வைப் பகுதி ஒன்று கூடுதலாக இயங்கியது. இடம் வலத்தைத் திருப்பிப் போடும் சுமைதான் அது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கண் பார்த்தால் கை செய்யும்; ஆனால் எந்தப் பக்கம் நின்று பார்த்தது கண்?

எனக்கு ஒத்துவராத ஒன்றையும் மறைக்கக் கூடாது. தான் ஒன்றைச் செய்யும்போதும், அதையே பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் தூண்டப்படும் மூளையின் ‘கண்ணாடி நரம்பணுக்களை’ இத்தாலியின் பார்மா நகரில் ரிசோலாட்டி என்ற ஆய்வாளரின் குழுவினர் குரங்குகளிடம் கண்டார்கள். 2011இல் வந்த இன்னோர் ஆய்வில், அவற்றில் பெரும்பாலானவை குறிப்பிட்ட கோணங்களிலிருந்து பார்த்தபோதே அதிகம் தூண்டப்பட்டன. அந்தக் கோணம் எல்லாவற்றுக்கும் தன் பார்வைக் கோணமாக இல்லை. எதிர்ப்பக்கத்தை விரும்பியவையும் இருந்தன. அண்ணாச்சி சிரிக்கிறார். இருக்கட்டும், குரங்குக்குப் பூக்கட்டும் வேலை இல்லை.

மூன்றாவது, பச்சிளங்குழந்தைகள் நாக்கு நீட்டுவது பற்றியது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், அதை விட்டுவிடுகிறேன்.

நான் வந்த காரியத்தைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த பள்ளியில் கைத்தொழில் வகுப்பு நடந்த அறையில் இன்று உடைந்த பெஞ்சுகள் கிடக்கின்றன. நாற்பது பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே ஓர் ஆசிரியர். ஊசியில் நூல் கோக்கவும் அப்படித்தான் சொல்லித் தருவீர்களா? வாரத்தில் ஒரே ஒரு பாடவேளை கொடுங்கள். பாய் விரித்து, பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஓர் ஆளைப் போடுங்கள். கண் பார்த்தால் கை செய்யும். பார்க்க இடம் வேண்டாமா?

வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது. தலைமையாசிரியை அம்மா முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார். பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன். போன தடவை வைத்த பேனா திரும்பி வரவில்லை.